பொழுது சாய்ந்தால் கட்டும் வலை

சுதர்ஷினியின் அப்பா மொனராகலையில் மலேரியா கண்டு செத்தவர். அதனால் பொழுது சாய்ந்ததும் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் அவள் முதலில் செய்வது நுளம்பு வலை கட்டுவதுதான். ஆனாலும் மகள் விதுஷா டெங்குக் காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

“ராவுல ஒருநாளும் வலையில்லாம படுக்க வச்சதில்லைங்க,” என்றாள் யாழ்ப்பாணத்து டாக்டரிடம்.

“அது மலேரியாவுக்குச் சரி, அம்மா. டெங்கு நுளம்பு பகலிலதான் கடிக்கும். பிள்ளை பகலில எங்க நித்திரை கொள்ளுறவ?”

“தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுலங்க. அங்க விட்டுட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவேன்.”

“அங்க வலை இருக்கோ?”

“இல்லைங்க.” விதுஷாவுக்கு இளைய கைக்குழந்தையை இன்று காலையும் அங்கேதான் விட்டுவிட்டு வந்திருந்தாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புருஷனுக்குப் போன் அடித்தாள். மலையில் வேலையாக இருந்த அவன் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள்.