சனிக்கிழமை அட்டவணைக்கு வராத கடல்

போன சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இங்கே கெட்டியான ஈரமணல் இருந்தது. இன்று வியாழன். அதே நாலு மணிக்கு, மணல் இருந்த இடத்தில் கடல் இருந்தது.

மணப்பெண் படகு இறக்கும் சிமெண்டுச் சரிவின் பாதியில் நின்று, கைபேசியில் இருந்த படத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் சரிவின் அடியில் இருபதடி அகலத்துக்கு மேஜை போட்டாற்போலத் தட்டையான மணல். எதிரே அதே இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நாளை மறுநாள் நாலு மணிக்கு அங்கேதான் கல்யாணம். மொத்தம் பதினொரு பேர். ஆறு மணிப் படகில் மணமக்கள் எதிரே தெரியும் தீவுக்குப் போய் நாலு நாள் தங்குவதாக ஏற்பாடு.

பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுவது அவள் வேலை. ஒரு சனிக்கிழமை ஓடியதுதான் அடுத்த சனிக்கிழமையும் ஓடும். பதினொரு வருடமாக அப்படித்தான்.

"உன் டைம்டேபிளை யாராச்சும் கடலுக்குக் காட்டினாங்களா?" என்றான் மாப்பிள்ளை. ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாய் மட்டும் ஆறவே ஆறாது.

"சும்மா இருடா. அப்பா வந்துட்டாரு."

அப்பா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கால் இரண்டும் போய் ஆறு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மகள் பக்கத்தில் தன் சக்கரத்திலேயே வந்து நிற்பார்.

தண்ணீரைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த உலர்ந்த மணலில் வண்டியைத் திருப்பினார். நாலடி போவதற்குள் சக்கரம் அச்சுவரை புதைந்தது. மாப்பிள்ளை தூக்கக் குனிந்தான்.

"கையை எடுங்க மாப்ளே. கல்யாணத்துக்கு வந்திருக்கேன், லோடு ஏத்த வரல."

"ஏண்ணா, அஞ்சு நிமிஷம் தூக்கிட்டுப் போனா கிரீடமா கீழ விழுந்துடும்?" என்றாள் அவர் பின்னாலேயே வந்த அத்தை.

"விழும். உனக்குத் தெரியாது." பின்னால் இழுத்து இழுத்து ஒருவழியாகச் சிமெண்டுக்கு ஏறியவர், மகளைப் பார்த்தார். "நான் மேலே ரோட்டுலேருந்து பாத்துக்கறேன் பாப்பா. அங்கேருந்து நல்லாவே தெரியுது."

நல்லாவே தெரியாது.

உலர்ந்த மணலும் ஈரமணலும் ஒரே மணல்தான். சர்க்கரையை நினைத்துக்கொண்டால் புரியும். உலர்ந்த சர்க்கரையில் விரலை வைத்தால் துகள்கள் விலகி வழிவிடும். லேசாக ஈரம் பட்டால் துகளுக்குத் துகள் இடையில் நிற்கிற தண்ணீர் இரண்டையும் பிடித்து இழுத்துக் கட்டியாக்கிவிடும். சக்கரத்தைத் தாங்குவது அந்தப் பிடிமானம். கடல் நனைத்துவிட்டுப் பின்வாங்கிய இடத்தில்தான் அது கிடைக்கும். ஆகவே அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கடல் எப்போது பின்வாங்கும்?

ஐந்தரை மணிக்கு அவள் செருப்பை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீர் அதைத் தொடாமல் போனது.

"இறங்குதுடா!" என்றாள். "வண்டி லேட்டு, அவ்வளவுதான். எவ்வளவு லேட்டுன்னு பாக்கணும்."

ஏழரை மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இருவரும் டார்ச்சோடு வந்தார்கள். கடல் கடைசியாகத் திரும்பும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, அலை ஏமாற்றும். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. அவன் தண்ணீர் ஓரத்தில் ஒரு கம்பை நட்டான். தண்ணீர் கம்பைவிட்டு இறங்கியது 7.50க்கு. திரும்ப ஏறிக் கம்பைத் தொட்டது 8.30க்கு. அப்படியானால் நடுவில், 8.10க்குக் கடல் திரும்பியிருக்கிறது.

"ஹனிமூன்லயும் இதுதானா?" என்றான்.

"கம்பைப் பிடி."

வெள்ளிக்கிழமை காலை மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை அப்பாவும் அத்தையும் கூட. இறங்கியது 8.10, ஏறியது 9.00. நடு, 8.35.

நேற்றிரவு 8.10. இன்று காலை 8.35. அவள் சரிவிலேயே உட்கார்ந்து தாளை எடுத்தாள். இந்த பஸ் மணிக்கணக்குப்படி ஓடவில்லை. பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு ட்ரிப். ஒரு நாளில் இரண்டு ட்ரிப் என்றால் ஐம்பது நிமிடம் பின்னுக்குத் தள்ளும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன வாரம் வற்றியிருந்த வேளையில் இந்த வாரம் நிரம்பியிருப்பது அதனால்தான். போன சனிக்கிழமை நாலு மணியிலிருந்து பதின்மூன்று ட்ரிப் கூட்டிப் பார்த்தாள். விடை நாளைக் காலையில் வந்து நின்றது. இன்றைய 8.35உடன் இரண்டு ட்ரிப் கூட்டினாள். அதே நிமிடம்.

"அப்பா, இறங்குங்க," என்றாள்.

அவர் சரிவின் அடிவரை வந்து, பிரேக்கைப் பிடித்து யோசித்தார். பிறகு விட்டார். சக்கரம் ஈரமணலில் ஏறியது, புதையவில்லை. போன வாரத்தைவிடக் குறுகலான பட்டைதான், பத்தடி இருக்கும். தண்ணீர் ஓரம்வரை போய், ஒடித்துத் திருப்பி, மகள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் இரண்டு மெல்லிய கோடுகள்.

"ரோடு நல்லா இருக்கு," என்றார். "டைமைச் சொல்லு."

மேலே ரோட்டிலிருந்து அத்தை கத்தினாள்: "அண்ணனுக்குக் கிரீடம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு! நீ நேரத்துக்கு வந்து சேரு!"

மதியத்துக்குள் எல்லோர் கைபேசிக்கும் செய்தி போனது. மாலை ஆறு மணிப் படகுக்குப் பதிலாகப் பகல் பன்னிரண்டு மணிப் படகு. சரிவின் அடியில் மணல் காலை ஒன்பதிலிருந்து 9.50வரை கெட்டியாக இருக்கும். கல்யாணம் சனிக்கிழமை காலை 9.25க்கு.