நடுரோட்டில் வெர்முத்

அந்த ஞாயிறு நண்பகலில் இருந்தவர்கள்: ரெமேய் அக்கா, அவளுடைய உருட்டு நடைவண்டியோடு. அவள் புருஷன் ஃபெலியு, ஓய்வு பெற்ற டாக்ஸிக்காரர், வாசற்படியில். பார் வைத்திருக்கும் ஜொர்தினா. எதிர்வீட்டு எர்மெங்கோல். மாநகராட்சியிலிருந்து வந்த பெண். கிடங்கில் ராத்திரி வேலையை உதறிவிட்டுச் சும்மா இருந்த நான். கார்கள் இல்லை.

பார்சிலோனாவில் எங்கள் தெருவுக்குள் கார் வராமல் பரீட்சார்த்தமாக மூடியிருந்தார்கள். நடுவில் மரத்தொட்டிகள், பெஞ்சுகள், தரையில் மஞ்சள் பெயிண்ட். ஜனங்கள் புழங்காவிட்டால் திங்கட்கிழமை கார்கள் திரும்பிவிடும். திரும்பினால் ரெமேய்க்குப் பழையபடி மாடிச்சிறைதான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு மட்டுமே கீழே இறங்கினாள். பைக்குகள் நிற்கும் நடைபாதையில் அவள் நடைவண்டி நுழையாது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெர்முத் ஒயின் குடிக்கும் நேரம். ரோடு மொட்டையாகக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் சுவரோரம், பார் மேசைகளில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். காருக்குப் பயந்தே வளர்ந்த கூட்டம். வேறு எங்கே உட்காரும்?

"யாருமே ரோட்டை உபயோகிக்கலையே?" என்றாள் மாநகராட்சிப் பெண்.

"உபயோகிக்கிறோமே, பாத்துக்கிட்டிருக்கோம்," என்றாள் ஜொர்தினா.

"அப்ப காருக்கே விட்டுடவா?"

"விடும்மா, புண்ணியமாப் போகும்," என்றார் ஃபெலியு. "நான் ஆயுசு பூரா ஓட்டின ரோடு."

கதவுக்குள்ளே நின்ற ரெமேய் அவர் முதுகில் நடைவண்டியால் இடித்தாள்.

"தள்ளு கிழவா. டேய் எர்மெங்கோல், வழி விடுடா."

"எங்க விடறது அக்கா? சுவத்தைத்தான் இடிக்கணும்."

ரெமேய் மேசைகளைப் பார்த்தாள். பிறகு நடைவண்டியை ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

"ஏய், இறங்காதே! வண்டி வரும்!" ஃபெலியு கத்தினார்.

"எங்கேருந்து? ஆகாசத்திலேருந்தா?"

இறங்கினாள். இறங்கியதும் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். வெயில் மட்டும் இருந்தது. எந்தப் பைக்கிலும் இடிக்காமல் பெஞ்சு வரை உருட்டிக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஜொர்தினா, என் வெர்முத்தை இங்க கொண்டா. ஆலிவை அள்ளிப் போடு, கஞ்சத்தனம் பண்ணாதே."

ஜொர்தினா மேசையையே தூக்கிக்கொண்டு போனாள். எர்மெங்கோல் டோமினோ ஆட்டக் கட்டைகளோடு ஓடினான். நான் நாற்காலிகளைத் தூக்கினேன். அடுத்தடுத்த வாசல்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். மாநகராட்சிப் பெண் ஒரு நெத்திலியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"திங்கக்கிழமை கார் விட எடமே இல்லையே," என்றாள். ஜொர்தினா அவளுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினாள்.

ஃபெலியு மட்டும் படியை விட்டு நகரவில்லை.

"போதும், மேல வா. சாப்பாட்டு நேரம்."

ரெமேய் நடைவண்டியை அவரிடம் உருட்டிக்கொண்டு போனாள். "சாவியைக் குடு."

வரத்தான் போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தார். அவள் அவர் சட்டைக்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள், அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள், பூட்டினாள்.