பதின்மூன்றாவது ஃபாரம்

1

இந்தக் கதையை அம்மாவிடமிருந்துதான் எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான். "எழுதிக்க. ஆனா என்னை அழ வெச்சிடாத" என்றாள்.

அம்மா அச்சகத்தில் ஃபாரம் சேர்க்கிறவள். பதினாறு பக்கம் கொண்ட மடிப்பு ஒரு ஃபாரம். மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினால் ஒரு புத்தகம். இருபது வருஷமாக நடக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: படித்த மகள் ஒருநாள் அம்மாவின் கையில் ஒரு நாவலை—

(அடித்துவிட்டேன். பச்சைப் பொய். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அந்தத் திமிரில் அம்மாவுக்கு ஒரு புத்தகமும் கொடுத்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: அந்த நாவல் அவளை மெல்ல மெல்ல—

(மெல்லவெல்லாம் இல்லை. ஒரே வாரம். அச்சகத்தில் அப்போது ஓடிய நாவல்; சாப்பாட்டு வேளையில், ஒட்டாத தாளாகவே படித்தாள்.)

வீட்டுக்கு வந்தும் அந்த நாவலின் நாயகியைப் பற்றியே பேச்சு. "ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறா. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுறா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"உன்னை மாதிரியேதான்" என்றேன். அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

3

பதின்மூன்றாவது ஃபாரத்தைப் படித்து முடித்தவள் வேலைக்கு எழுந்தாள், நினைப்பு எழவில்லை. பதின்மூன்றுக்குப் பதில் பன்னிரண்டையே இரண்டு தடவை எடுத்து வைத்துக்கொண்டே போனாள். முதல் தவணை இருநூறு பிரதிகள். கனம் சரியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அட்டையும் ஒட்டியாயிற்று. மறுநாள் வண்டியில் ஏற்றும்போது, மேசையில் மிஞ்சிக் கிடந்த பதின்மூன்றாவது ஃபாரக் கட்டைப் பார்த்து அவளுக்கே உறைத்தது.

(இங்கே அவள் கை நடுங்கியதாக எழுதி வாசித்துக் காட்டினேன். "நடுங்கலை. பயமா இருந்துச்சு. ரெண்டும் வேற" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

வண்டிக்குக் குறுக்கே போய் நின்றாள். "வண்டிய நிறுத்துங்க சார். புத்தகம் தப்பு. என் தப்புதான்."

முதலாளி ஒன்றைப் புரட்டினார். "பதினாறு பக்கம்தானே? யாரு கவனிக்கப் போறா?"

"அந்தப் பதினாறு பக்கத்துலதான் சார் அவ பேசுறா. அது இல்லைன்னா கடைசிவரைக்கும் வாயத் தொறக்காதவள்னு நெனச்சுக்குவாங்க."

"எவ?"

"கதையில வர்றவ."

வண்டிக்காரர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "உனக்கு இங்க வேலை வேணுமா, வேணாமா? இவ்வளவு தடிப் புத்தகத்த எவன் படிக்கப் போறான்?"

"நான் படிச்சேன்."

இருபது வருஷமாக 'சரி சார்' மட்டுமே சொன்ன வாய். கல்லூரியில் அம்மாவின் வேலையைக் கேட்டபோதெல்லாம் நான் மென்று முழுங்கியிருக்கிறேன். இனி யாராவது கேட்கட்டும். சத்தமாகச் சொல்வேன்.

5

முடிவு ஒன்று: முதலாளி மனம் இளகி—

(அந்த ஆளை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: வேலை போகிறது, மகள் போய்ச் சண்டை போட்டு—

(மறுபடியும் நானா? வெளியே போடி.)

நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால், அவள் பேசியது சரியா தப்பா என்று முதலாளியின் பதிலை வைத்து எடைபோடுவீர்கள். அந்த அதிகாரத்தை அவருக்கு நான் ஏன் தர வேண்டும்?

அம்மா வண்டிக்குக் குறுக்கே நிற்கிறாள். அவளை விலகச் சொல்லும் வரியை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு மனசு வந்தால், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.