சாரட்டில் பூட்டிய யாளி

அந்தியூர்ச் சந்தையில் நல்ல குதிரைகளெல்லாம் விற்றுப்போயிருந்ததால் பஷீர் ஒரு யாளியை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். கோயில் தூண்களில் நிற்குமே, அதேதான்: சிங்க உடம்பு, தும்பிக்கை, பிதுங்கிய கண்கள். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு ஓட்டுகிறவர் அவர். பழைய குதிரை ஆனி மாதம் செத்துப்போனது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வண்டி போகாவிட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓர் உணவகத்தார் வாசலில் பூந்தொட்டி வைக்கச் சாரட்டை ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அந்த அவசரத்தில் பல்லைப் பார்த்தார், குளம்பு இருக்க வேண்டிய இடத்தில் நகத்தைப் பார்த்தார், ராசி சொல்லும் மயிர்ச்சுழியைப் பார்க்க மறந்துவிட்டார். மகள் நஸ்ரியா அதற்குக் கடலைக்கொடி போட்டாள், தின்றது. சேணம் மட்டும் பிடரியில் சிக்கியது.

மாப்பிள்ளை அழைப்பன்று பிள்ளையார் கோயில் முன் வண்டி நின்றது. மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா காளிச்சாமி, காங்கேயம் மாடு வளர்ப்பவர், யாளியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து முதுகில் விரல் வைத்தார்.

"ஏனுங்க பாய், எறங்குசுழி இருக்குதுங்களே. இதுல ஏறுனா மாப்பிள்ளை மண்டபம் போய்ச் சேருவானுங்களா?"

"பல்லைப் பாருங்க, சின்ன வயசுதானுங்க" என்றார் பஷீர்.

கூட்டம் சுழியைப் பார்க்க நெருக்கியது. கார் சொல்லிவிடலாம் என்று யாரோ போனை எடுத்தார்கள். பஷீர் கடிவாளத்தை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் கல்யாணச் சீர்களை நடத்திவைக்க வந்த அருமைக்காரி நஞ்சம்மாள், நேரமாகிற எரிச்சலோடு முன்னால் வந்தார்.

"ஏனுங்க காளிச்சாமி, சுழி பாக்கறது மாட்டுக்கும் குதிரைக்குமுங்க. இதுக்குத் தும்பிக்கை இருக்குது. ஆனைக்கு ஆராச்சும் சுழி பாப்பாங்களா?"

காளிச்சாமி தும்பிக்கையை அப்போதுதான் சரியாகக் கவனித்தார். "அதுஞ் சரிதானுங்க" என்றார். "அப்படீன்னா ஆசீர்வாதம் பண்ணோணுமில்லீங்க?"

யாளி தும்பிக்கையைத் தூக்கி மாப்பிள்ளை தலையில் வைத்தது. மேளம் தொடங்கியது.

இப்போது சூலூர் வரைக்கும் கல்யாண வீட்டார், பத்திரிகை அடிக்கும் முன்பே யாளி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை அதற்கு ஓய்வு. பஷீர் வீடு இருக்கும் கோட்டைமேட்டுச் சந்தில் வழியை அடைத்துப் படுத்திருக்கும். ஹாரன் அடித்தால் அசையாது. வண்டியை நிறுத்தி, "கொஞ்சம் நவுருங்க" என்றால் நகர்ந்துகொள்கிறது.