ஷெட்டின் மூக்கு

எஸெல் மாப்ரி இறந்த மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: மகள் வெர்லீன். முந்தின நாள் அட்லாண்டாவிலிருந்து வந்திறங்கிய மகன் ஓடெல். நர்ஸ் இமானி. அப்புறம் அப்பா எஸெல். பக்கத்து வீட்டு மிஸஸ் பூன் வீட்டுக்குள் இல்லை, பின்பக்கத் தோட்டத்தில் இருந்தார். அவரைச் சேர்த்துச் சொல்வதா வேண்டாமா என்று வெர்லீனுக்கு இன்னும் முடிவாகவில்லை.

அப்பாவின் பெரிய கார் பின் சந்தில் நின்றது. அதுதான் பிரச்சினை.

அப்பா தூங்குகிறார் என்று நினைத்து ஓடெல் காலையில் அதை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டான். சவ ஊர்வலத்துக்கு முன்னால் கழுவி வைக்கலாம் என்றான். சாகாத மனுஷனுக்கு ஊர்வலமா என்று வெர்லீன் முறைத்ததைப் பார்க்காத மாதிரி போனான். கழுவினான், நாலு பக்கமும் போட்டோ எடுத்தான், திரும்பி வந்தான். உள்ளே விடத் தெரியவில்லை. சந்திலேயே விட்டுவிட்டு வந்து காபி போட்டான்.

அப்பா தூங்கவில்லை. எஞ்சின் போனதைக் கேட்டிருக்கிறார். திரும்பி வந்ததையும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு பெரிய கதவு இறங்கும் சத்தம் கேட்கவில்லை. முப்பது வருஷம் பிளான்ட்டில் கார்களுக்குக் கதவு மாட்டினவர். ஒரு கதவைச் சாத்தினால் சரியாகப் பொருந்தியதா என்று பார்க்காமலே சொல்லுவார். சாத்தாத கதவும் அவர் காதில் விழும்.

இப்போது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். இரண்டு வாரமாகத் தண்ணீரைக்கூட ஸ்பூனில் குடித்தவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. ஒரு கால் கம்பிக்கு மேல் வந்துவிட்டது.

"வெளிய நிக்குது," என்றார்.

"நிக்கட்டும்பா. படுங்க."

"பனி வருது. அது உருகறதுக்கு ரோட்டுல உப்புப் போடுவான். அடியெல்லாம் அரிச்சிடும்."

இமானி அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். போர்வையைச் சரிசெய்தாள். பிறகு வெர்லீனைக் கதவருகே கூப்பிட்டாள். கையில் ஊசியில்லாத சிறிய சிரிஞ்சு, அதில் நிறமில்லாத மருந்து.

"இத நாக்குக்கடியில விட்டா அடங்கிடுவாரு. ஆனா உடம்பு இருக்கற நெலமையில, அதுக்கப்பறம் முழிப்பாருன்னு எனக்குத் தோணல. இன்னிக்குத் தாண்டாதுங்க. கொடுக்கட்டுமா?"

"கொடுக்கலன்னா?"

"இப்படியேதான் மல்லுக்கட்டிட்டு இருப்பாரு."

வெர்லீன் அப்பாவைப் பார்த்தாள். கம்பியில் விரல்கள் வெளுத்திருந்தன. மிரண்டுபோய்ச் சாக விடுவதா, மயக்கிச் சாக விடுவதா. இரண்டுமே பிடிக்கவில்லை.

"கொஞ்சம் பொறு," என்றாள். "வண்டிய உள்ள விட்டுட்டு வரேன்."

"அப்பறம் அடங்கிடுவாரா?"

"தெரியாது. பாப்போம்."

அப்பா கண்ணைத் திறந்தார். "தட்டச் சொல்லு."

"யாரப்பா?"

"தட்டணும். இல்லாட்டி எப்படி விடுவே?"

காபிக் கோப்பையோடு ஓடெல் வாசலில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்தி, "அம்மாவத் தேடறாரு," என்றான்.

வெர்லீன் குனிந்தாள். "அம்மா இல்லப்பா. போயி ரொம்ப வருஷமாச்சே."

ஒன்றும் தெரியாமல் வேலைக்கு வந்த சூப்பர்வைசரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதா?"

அவள் ஜன்னலை ஓரங்குலம் திறந்து வைத்துவிட்டுப் போனாள். கேட்கட்டும்.

ஷெட், வீட்டைவிடக் கொஞ்சம்தான் இளையது. குட்டைக் கார்கள் ஓடிய காலத்தில் கட்டியது. கார் சந்து வழியாக முன்பக்கத்தை முதலில் விட்டு நுழையும். மறுபக்கச் சுவருக்கு அப்பால் வீட்டுத் தோட்டம். வெர்லீன் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா முதல் எல்டராடோ காரை வாங்கி வந்தார். யாரோ வைத்திருந்த 76 மாடல். பத்தொன்பதடி நீளத்தை நெருங்கும். பானெட்டின் மேல் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம். ஷெட் பற்றவில்லை. வேறு யாராவது இருந்தால் வண்டியை மாற்றியிருப்பார்கள். அப்பா சுவரை அறுத்தார். பம்பர் உயரத்துக்கு ஓட்டை போட்டு, வெளியே மரப்பெட்டி ஒன்று அடித்து ஒட்டவைத்தார். வண்டியின் முன்பகுதி அந்தப் பெட்டிக்குள் போய் உட்காரும். பெட்டி அம்மாவின் கீரைப் பாத்தியில் நீட்டிக்கொண்டு நின்றது. தெருவில் அதை 'மாப்ரி ஷெட்டின் மூக்கு' என்றார்கள். பல வீட்டில் அப்படி ஒரு மூக்கு உண்டு, ஆனால் இதுதான் நீளம்.

ஓட்டுகிறவருக்குப் பம்பர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அம்மா பாத்தியில் நின்று அகப்பையால் மூக்கில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில்லு.

பிறகு பெட்ரோல் விலை ஏறி, கார்க் கம்பெனி நீளத்தில் கை வைத்தது. அப்பாவின் அடுத்த எல்டராடோ இரண்டடி குட்டை. மூக்கு தேவையில்லை. அம்மா அகப்பையைக் குழம்புக்குத் திருப்பிக்கொண்டாள். அப்பா உத்திரத்திலிருந்து தூண்டில் நரம்பில் ஒரு மஞ்சள் டென்னிஸ் பந்தைத் தொங்கவிட்டார். முன்கண்ணாடியில் பந்து தொட்டால் நிறுத்த வேண்டும். அதற்கடுத்து 86 மாடல் வந்தது. இன்னும் சுருங்கிப்போயிருந்தது. "இது எல்டராடோ இல்ல, அது போட்ட குட்டி," என்றார். ஊரே அப்படித்தான் சொன்னது, வாங்க ஆளில்லை. அதற்கு ஒரு சிவப்புப் பந்து. கம்பெனி பயந்துபோய் மறுபடி கொஞ்சம் வளர்த்தது. அதற்கு ஒரு நீலப் பந்து. 2002-இல் எல்டராடோ என்ற பேரையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடைசி வருஷத்து வண்டியும் அவரிடம் இருந்தது, அதே நீலப் பந்துக்கு.

அம்மா போன இரண்டாம் வருஷம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடைசி வண்டியை விற்றுவிட்டு, 78 மாடல் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து வந்தார். பெரியவற்றில் கடைசி. முதல் வண்டியைவிட ஒரு விரற்கடைகூடக் குறையாது. எழுபது வயதில் எதற்கு இந்தக் கப்பல் என்று வெர்லீன் கேட்டாள். "நல்லா இருக்கில்ல?" என்றார், அவ்வளவுதான்.

இப்போது அவள் அதன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்திருந்தாள். ஓடெல் பின்னால் நின்று கை காட்டினான்.

"வா வா வா. சிவப்புப் பந்து தொட்டுருச்சு, நிறுத்து!"

நிறுத்தினாள். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். டிக்கி முழுக்கச் சந்தில் இருந்தது.

"டேய், கதவ எதுமேல எறக்கறது? உன் தலமேலயா?"

"அப்ப அந்த மஞ்சப் பந்து."

மஞ்சள் பந்து தொட்டது. ஓடெல் கதவைப் பிடித்து இழுத்தான். அது டிக்கியின் மேல் உட்கார்ந்தது.

"இன்னும் ரெண்டடி," என்றான். "அழுத்தேன்."

"எங்க அழுத்தறது? முன்னாடி பலகை. ஒடச்சிட்டா அந்தச் சத்தமும் அவருக்குக் கேக்கும்."

"கண்ணுல பொரை விழுந்த மனுஷன் பத்து வருஷமா இத உள்ள விட்டிருக்காரு. உன்னால முடியல."

"உன்னால முடிஞ்சுதா?"

வீட்டு ஜன்னலிலிருந்து இமானியின் குரல் வந்தது, சார் சார் என்று. வெர்லீன் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்தாள். ஓடெல் சொன்னதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். எப்படி விட்டார்? இந்த வண்டிக்கென்று ஒரு பந்துகூட இல்லை. மூன்றும் பழைய வண்டிகளுடையவை. எல்லாவற்றுக்கும் பந்து கட்டிய மனுஷன், இதற்கு மட்டும் ஏன் கட்டவில்லை?

டக்.

முன்னாலிருந்து வந்தது. மூக்கின் வெளிப்பக்கத்திலிருந்து.

அவள் நிமிர்ந்தாள். ஓடெல் வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

டக். மறுபடியும் ஒன்று. கொஞ்சம் பொறுமை இழந்த தட்டு.

வெர்லீன் பிரேக்கை மெதுவாக விட்டாள். பந்துகள் மூன்றும் கண்ணாடியில் ஏறிக் கூரைப் பக்கம் போய்விட்டன. பானெட் இருட்டுக்குள் நுழைந்தது. டக். இன்னும் கொஞ்சம். டக். இன்னும். ஒன்றும் தெரியவில்லை, அந்தத் தட்டைத் தவிர.

டக்-டக்.

நிறுத்தினாள். பின்னால் பெரிய கதவு ஒரே இழுப்பில் இறங்கித் தரையில் பட்டு, கொக்கி விழுந்தது.

பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாகத் தோட்டத்துக்கு வந்தாள். மூக்கின் பக்கத்தில் மிஸஸ் பூன் நின்றிருந்தார். மழைப் பூட்ஸ், ஆண்பிள்ளைக் கோட்டு, கையில் மண்வெட்டிக் கைப்பிடி ஒன்று, இரும்பில்லாமல். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்தப் பத்து வருஷத்தில் வந்து போகும்போது வெர்லீன் அவரிடம் பேசியதெல்லாம் குட் மார்னிங், குப்பை வண்டி வந்துச்சா, அவ்வளவுதான். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருந்த வேலியில் ஒரு பலகை கழன்றிருப்பதை இப்போதுதான் பார்த்தாள். கழன்ற இடத்தில் புல் இல்லை.

"எந்தப் பந்தப் பாத்து வந்தே?" என்றார் மிஸஸ் பூன்.

"மஞ்சள்."

"அது குட்டை வண்டியோடது. அதப் பாத்தா எப்படி?"

"எங்களுக்குத் தெரியாதுங்க."

"சத்தம் கேட்டுட்டே இருந்தேன். வரலாமா வேண்டாமான்னு." கைப்பிடியைப் பெட்டியில் சாய்த்து வைத்தார். "நீ பிரேக்க ரொம்ப மிதிக்கிற. அவரு மிதிக்கவே மாட்டாரு. காத மட்டும் குடுப்பாரு."

வெர்லீன் பெட்டியைப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட் இரண்டு இடத்தில் தேய்ந்து மரம் தெரிந்தது. ஒன்று இடுப்புக்குக் கீழே, பழசு, மழையில் கறுத்தது. அம்மா குள்ளம். இன்னொன்று அதற்கு ஒரு சாண் மேலே. மஞ்சளாக, புதுசாக.

"எப்பலேருந்து தட்டறீங்க?"

"வண்டி வந்ததுலேருந்து."

"ஒவ்வொரு தடவையும்?"

"வெளிய போனவரு திரும்பி வரணுமில்ல."

"ஒரு பந்து கட்டியிருந்தா முடிஞ்சுதே."

"நானும் அதத்தான் சொன்னேன்," என்றார் மிஸஸ் பூன். "கட்டறேன் கட்டறேன்னாரு. அவருக்குத்தான் எங்க நேரம்?"

ஓடெல் பின்னால் வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எதையோ கேட்க வாயெடுத்தான். வெர்லீன் அவன் காலை மிதித்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "அப்பாவப் பாருங்க."

"பூட்ஸெல்லாம் சேறு."

"அதனால என்ன? கழட்டிடுங்க."

மிஸஸ் பூன் ஜன்னலைப் பார்த்தார். ஓரங்குலத் திறப்பு. அந்தப் பக்கம் யாரும் தெரியவில்லை.

"வேண்டாம். நான் உள்ள வந்ததில்ல," என்றார். "இப்ப வந்தா புதுசா இருக்கும்." கழன்ற பலகையை ஒதுக்கிக்கொண்டு போனார். கைப்பிடி பெட்டியிலேயே சாய்ந்திருந்தது.

அறையில் இமானி சிரிஞ்சை மேசைமேல் வைத்திருந்தாள், நிரப்பியது நிரப்பியபடி. அப்பாவின் கை கம்பியில் இல்லை. வயிற்றின் மேல் கிடந்தது. வெளுப்புப் போய் விரல்களில் நிறம் வந்திருந்தது.

"ரெண்டு தடவ தட்டினாங்களே," என்றாள் இமானி, "அப்பவே கம்பிய விட்டுட்டாரு. கதவு எறங்கினதும் என்னமோ சொன்னாரு."

"என்ன?"

"'ம்.' அவ்வளவுதான். சரின்னு சொல்ற மாதிரி."

வெர்லீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்க நிறைய இருந்தது. மூன்று பந்து கட்டத் தெரிந்த ஆளுக்கு நான்காவது கட்ட ஏன் நேரமில்லை? வண்டிக்காக ஆளா, ஆளுக்காக வண்டியா? அம்மாவுக்குப் பிறகா, முன்பே பழக்கமா? அவர் மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா பிரேக்க மிதிக்காதேங்கறாங்க," என்றாள்.

அப்பாவின் வாயோரம் அசைந்தது போலிருந்தது. மூச்சாகவும் இருக்கலாம்.

பனி விழத் தொடங்கிய நேரத்தில் போய்விட்டார். இமானி மணி பார்த்தாள். ஓடெல் சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு போனை எடுத்தான். காலையில் எடுத்த போட்டோக்களைப் பார்த்து, கார் வாங்குகிற ஆள் ஓஹையோவிலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருந்தான். ஓடெல் போனைக் கவிழ்த்து வைத்தான்.

வெர்லீன் கோட்டு போடாமல் தோட்டத்துக்குப் போனாள். மிஸஸ் பூன் தன் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு குச்சியால் பூட்ஸ் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சேறு எப்போதோ போய்விட்டிருந்தது. வெர்லீன் வேலி வரை வந்தாள்.

"எப்ப?" என்றார், நிமிராமல்.

"இப்பதான்."

"கதவு எறங்கினது கேட்டுச்சா அவருக்கு?"

"கேட்டுச்சு."

"தட்டினது?"

"அதுவும்."

குச்சி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு பூட்ஸை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"அடக்கத்துக்கு வண்டிய எடுப்பீங்க."

"ஆமா. சனிக்கிழம."

"எடுத்தா அன்னிக்கே உள்ள விட்டுடுங்க. தெருவெல்லாம் உப்பா இருக்கும்."

"நீங்களும் சர்ச்சுக்கு வரணும். எங்களோட வண்டியில வாங்க. இடம் இருக்கு."

"எனக்குத் தெரியாதா எவ்வளவு இடம் இருக்குன்னு?" என்றார் மிஸஸ் பூன். சொன்ன பிறகு வெர்லீனின் முகத்தை ஒருமுறை பார்த்தார். வெர்லீன் கண்ணை எடுக்கவில்லை.

"நான் வரல," என்றார். "நானும் வந்துட்டா திரும்பி வரப்ப யாரு தட்டறது?"

எழுந்தார். பூட்ஸ்களை ஜோடி சேர்த்துப் படியில் வைத்தார். காலுறையோடு உள்ளே போனார். முதலில் இரும்புக் கம்பிக் கதவு சாத்திக்கொண்டது. பிறகு மரக்கதவு. நல்ல கதவு, ஒரே தடவையில் பொருந்தியது. வெர்லீன் தலையில் பனியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேல் தாழ் விழுந்தது. கீழ் தாழ் விழுந்தது. வெகுநேரம் கழித்து, சங்கிலி.