தகரத்துக்கு அடியில் பஞ்சு

மே மாதத்தில், தாராவியின் தகரக் கூரை வீடுகளுக்குள் மத்தியானம் ஆள் இருக்க முடியாது. பூமாரியின் குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெக்கையில் காய்ச்சல் ஏறி அதற்கு வலிப்பு வந்துவிட்டது. சயான் ஆஸ்பத்திரியில்தான் பிழைத்தது. "இன்னொரு தடவை வந்தா கஷ்டம். குளிர்ச்சியான இடத்துல வைங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

அந்த அறுபத்து மூன்றாம் வருஷத்தில் ஒற்றை அறைக்காரர்கள் குளிர்ச்சிக்கு எங்கே போவார்கள்? பூமாரியின் புருஷன் நம்பிராஜன் பரேலில் நூல் மில் தொழிலாளி. தரையில் கூட்டித் தள்ளும் கழிவுப் பஞ்சை மேஸ்திரியிடம் கேட்டு மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தான். தகரத்துக்குக் கீழே சாக்கை இழுத்துக் கட்டி, இடைவெளி முழுக்கப் பஞ்சைத் திணித்தான். மறுநாள் உச்சி வெயிலில் வீட்டுக்குள் அனலே இறங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் குழந்தை அன்றுதான் அயர்ந்து தூங்கியது.

பூமாரிதான் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் அந்தப் பஞ்சுக்கு நேர் கீழே இருந்தது.

"ஏங்க, இது தீப்பிடிக்கும்லா?"

"நடுவுல சாக்கு இருக்குல்லா."

"சாக்கு மட்டும் பிடிக்காதா?"

"பிள்ள தூங்குதா இல்லியா? அதப் பாரு."

பிள்ளை தூங்கத்தான் செய்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு ஸ்டவ்வை வாசலுக்குத் தூக்கிப்போய்ச் சமைத்தாள்.

மாதக் கடைசியில் ஒருநாள் காலை புழுதிக்காற்று கிளம்பியது. வாசலில் ஸ்டவ் அணைந்து அணைந்து போனது. சோறு பாதி வெந்திருந்தது. பத்து நிமிஷம்தானே என்று உள்ளே கொண்டுவந்து பம்ப் அடித்தாள். அடைத்திருந்த எண்ணெய் குப்பென்று பீறிட்டது. தீ ஆளுயரம் எழுந்து சாக்கின் ஓரத்தைத் தொட்டது.

குழந்தையை வாரி, பக்கத்து வீட்டு நஜ்முன்னிசாவின் கையில் போட்டுவிட்டுத் திரும்ப ஓடினாள். குடத்துத் தண்ணீரைச் சாக்கின் மேல் வீசினாள். நனைத்த போர்வையை ஸ்டவ்வின் மேல் போட்டாள். சாக்கில் கையகலம் கருகி, உள்ளே பஞ்சு புகைந்துகொண்டிருந்தது. அரிவாளால் சாக்கின் கயிற்றை அறுத்து, அத்தனையையும் இழுத்துச் சந்தில் தள்ளினாள்.

சாயங்காலம் வந்த நம்பிராஜன் சந்தில் கிடந்த குவியலைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் பிச்சுப் போட்டியா? நாளைக்கு மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்தா என்னளா செய்வ?"

பூமாரி குவியலைக் கிளறினாள். நனையாத பஞ்சு ஒரு கை எடுத்து அவன் காலடியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். அவன் பின்வாங்குவதற்குள் எரிந்து முடிந்தது.

"இதுக்குக் கீழதான் பிள்ளயப் போட்டிருந்தோம்" என்றாள்.

நம்பிராஜன் அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டான்.

குழந்தையோடு நின்ற நஜ்முன்னிசா மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் வேலை பாக்குற ஐஸ் ஃபேக்டரில பழைய கார்க் பலகைய உரிச்சுப் போட்டிருக்காங்களாம் அக்கா. ஐஸ் கரையாம இருக்கச் சுவத்துல ஒட்டுறது. கேக்கச் சொல்லட்டுமா?"

அடுத்த நாள் பகலெல்லாம் பூமாரி மார்க்கெட்டுக் கொட்டகை நிழலில் குழந்தையோடு கிடந்தாள். ஈரத்துணியால் அதன் உடம்பை ஒற்றி ஒற்றி எடுத்தாள். கால் லேசாக வெட்டினால்கூட அவளுக்கு உயிர் போய் வந்தது.

அன்று மாலை நஜ்முன்னிசாவின் புருஷன் நஜிமுதீன் கைவண்டியில் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினான். இந்தத் தடவை நம்பிராஜனே முதலில் தீக்குச்சியை எடுத்தான். கார்க் கருகியதே தவிரக் கொழுந்துவிடவில்லை. "இது போதும்ளா" என்றான்.

"அந்தப் பக்கமும் வச்சுப் பாருங்க."

திருப்பி வைத்தான். பின்புறம் ஒட்டியிருந்த பழைய தார் சடசடவென்று பற்றியது.

மறுநாள் அவன் மில்லுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் கொட்டகையிலேயே உட்கார்ந்து தாரைச் சுரண்டினார்கள். விரல் நகமெல்லாம் கறுத்துப்போயின. சுரண்டியதில் உடைந்தது போக மிஞ்சிய பலகை பாதிக் கூரைக்குத்தான் வந்தது. தொட்டிலுக்கு மேல் அதை அடித்தார்கள். அடுப்பங்கரைக்கு மேல் வெறும் தகரம்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் நம்பிராஜன் அந்த வெறும் தகரத்துக்குக் கீழே வேர்வை வழிய உட்கார்ந்து தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பூமாரி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. குழந்தை கண் விழித்து, பசியில் வீறிட்டு அழுதது.

"நல்லா அழட்டும்" என்றான் அவன். அவள் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.