பதில் மட்டும் சொன்னால் போதும்

அந்தத் தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியில் தொலைபேசி உதவி எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. போட்டியாளருக்குப் பதில் தெரியாவிட்டால், முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்த ஒருவரை ஒரே ஒரு முறை அழைத்துக் கேட்கலாம். அழைப்பது போட்டியாளர் அல்ல. அரங்கத்துக்குப் பின்னால் கண்ணாடி அறையில் இருக்கும் ஒரு பெண்தான் எண்ணைத் தட்டி, எதிர்முனையில் ஆள் எடுத்ததும் இணைப்பை அரங்கத்துக்குத் திருப்பிவிடுவார். தொகுப்பாளர் வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கும்வரை கடிகாரம் ஓடாது. போட்டியாளர் கேள்வியை வாசிக்க வாயைத் திறந்ததும் முப்பது நொடி தொடங்கும். முடிந்ததும் கண்ணாடி அறைப் பெண் ஒரு விசையைத் தட்டுவார். அந்தப் பக்கம் பேசுகிறவர் பாதிச் சொல்லில் இருந்தாலும் பாதிச் சொல்லோடு சரி.

ஆகவே, கேள்வியை வாசிக்கும் நேரமும் அந்த முப்பதுக்குள் அடக்கம். இதைப் பலர் யோசிப்பதில்லை. வேன் அக்கா யோசித்திருந்தாள். 'பின்வரும் உலோகங்களுள் எது' என்பதையெல்லாம் விழுங்கிவிட்டு, கேள்வியின் எலும்பை மட்டும் வாசிக்கப் பழகியிருந்தாள். அவளுடைய கவலை கேள்வியைப் பற்றியது அல்ல, பதில் சொல்லப்போகிறவரைப் பற்றியது.

அவளைப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கூப்பிடும் பெயர்தான் வேன் அக்கா. காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டு, மாலையில் திருப்பிக் கொண்டுவருவாள். வண்டி பழையது. அதன் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். காரணம், கதவு உருள வேண்டிய சக்கரம் தேய்ந்து, கதவு தன் பாரத்தைத் தண்டவாளத்தின் மேலேயே போட்டுவிடுகிறது. போன மாதம் போக்குவரத்து அலுவலகத்துப் பரிசோதகர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "இந்தப் பள்ளி ஆண்டு முடியற வரைக்கும் ஓட்டிக்கோங்க. அதுக்கப்புறம் தகுதிச் சான்று கிடையாதும்மா" என்றார்.

வேன் இல்லாவிட்டால் வேன் அக்காவும் இல்லை. அந்த நிகழ்ச்சியில் பத்தாவது கேள்விக்குப் பரிசு ஒரு புது வேன். பள்ளி விடும் மணிக்காகக் காத்திருந்த ஒவ்வொரு மாலையும் அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பொது அறிவுப் புத்தகங்களைப் புரட்டினாள். தேர்வும் ஆனாள்.

தொலைபேசி உதவிக்கு ஒரே ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவளுடைய தம்பிக்குப் பந்து விளையாட்டைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது. நாத்தனார் எதையும் அடித்துச் சொல்வார், அடித்துச் சொன்னதில் பாதி தப்பாக இருக்கும். மிச்சம் இருந்தது கணவர்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் 'அடிப்படையில பாத்தா' என்று தொடங்குவதால், வேலை இடத்தில் அவருக்கு 'அடிப்படை' என்றே பெயர். அவருக்குத் தெரியாத விஷயம் குறைவு, ஆனால் சுருக்கமாகத் தெரிந்தது எதுவும் கிடையாது. ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, "சார், இது அறுந்து விழுந்துடுமா?" என்று கத்தினார். இவர் வெளியே நின்று, கயிறே அறுந்தாலும் பெட்டியின் இருபுறமும் உள்ள பிடிப்புகள் எப்படித் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் என்பதை நிதானமாக விளக்கத் தொடங்கினார். "கவ்வினது போதும், கதவத் திறய்யா!" என்ற குரல் மூன்று மாடிக்குக் கேட்டதாம்.

இந்த மனிதரை முப்பது நொடிக்குள் அடக்கும் பொறுப்பை நாத்தனார் ஏற்றுக்கொண்டார். அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் எப்போதும் தொங்கும். தன் தம்பியை, அதாவது வேன் அக்காவின் கணவரை, சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார வைத்தார்.

"பதில் மட்டும் சொல்லணும். ஒரு வார்த்தை. ரெண்டாவது வார்த்தை வந்தா ஊதிடுவேன். தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்?"

"எந்த உயரத்துலன்னு…"

பீப்.

"கடல் ஓரத்துல உக்காந்து கொதிக்க வைக்கறேன்டா. எத்தனை?"

"அப்பவும் அன்னிக்குக் காத்தோட அழுத்தம்…"

பீப்.

"சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?"

"அக்கா, உதிக்குதுன்னு சொல்றதே அடிப்படையில…"

பீப். வேன் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, விடுங்க. வேலைக்கு ஆகாது. நான் இந்த வருஷத்தோட வண்டிய வித்துட்டு உக்காந்துடறேன்."

"சும்மா இரும்மா. நீச்சல் தெரியாத பசங்களையே நீந்த வச்சிருக்கேன், இவனை நிறுத்த முடியாதா? டேய், உன் பேர் என்ன?"

அவர் வாயைத் திறந்தார், விசிலைப் பார்த்தார், யோசித்தார். "அத யார் வச்சாங்கன்னா…"

பீப்.

பாவம், அவரும் உண்மையாகவே முயன்றார். வேன் மனைவிக்கு எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியாதா? வேலைக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத் தானே கேள்வி கேட்டு, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி, மிச்சத்தைத் தொண்டைக்குள் தள்ளிக்கொண்டு நடந்தார்.

நிகழ்ச்சி நாள் வந்தது. வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் கணவரும், அவர் புத்தகம் எதையும் புரட்டாமல் பார்த்துக்கொள்ள நிகழ்ச்சி நிறுவனம் அனுப்பிய ஓர் இளைஞரும் உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாரும் அறையில் இருக்கக்கூடாது என்பது விதி. அறைக்கு வெளியே நிற்கக்கூடாது என்று விதி இல்லை. நாத்தனார் கதவுக்கு வெளியே நின்றார்.

அரங்கத்தில் வேன் அக்கா ஒன்பது கேள்விகளைத் தாண்டிவிட்டாள். ஒன்பதாவதுக்குக் குளிர்சாதனப் பெட்டி. இப்போது விலகிக்கொண்டால் அது வீட்டுக்கு வரும். பத்தாவதைத் தப்பாகச் சொன்னால் அதுவும் போய், நிகழ்ச்சியின் பெயர் போட்ட சுவர்க்கடிகாரம் மட்டும் கிடைக்கும்.

பத்தாவது கேள்வி திரையில் வந்தது. ஆக்டோபஸின் ரத்தம் நீல நிறமாக இருப்பதற்குக் காரணமான உலோகம் எது? கோபால்ட், செம்பு, நிக்கல், துத்தநாகம்.

நீலச் சாயத்தில் கோபால்ட் உண்டு என்று எங்கோ படித்த நினைவு அவளுக்கு. ஆனால் சாயம் வேறு, ரத்தம் வேறு. தொலைபேசி உதவி கேட்டாள். கண்ணாடி அறையிலிருந்து இணைப்பு வந்தது.

"வணக்கம் சார்! எப்படி இருக்கீங்க?" என்றார் தொகுப்பாளர்.

"நல்லா."

வேன் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாதாரணமாக இந்தக் கேள்விக்கு அவர் தூக்கம், செரிமானம், முழங்கால் மூட்டு என்று ஒரு சுற்று வருவார். அவள் சுதாரித்துக்கொண்டு வாசித்தாள். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

"ஆக்டோபஸ் ரத்தம் நீலம். எந்த உலோகத்தால? கோபால்ட், செம்பு, நிக்கல், துத்தநாகம்."

"செம்பு."

அரங்கம் கைதட்டியது. தொகுப்பாளர் கட்டைவிரலை உயர்த்தினார். வேன் அக்கா மட்டும் அதை நம்பவில்லை.

ஏனென்றால், அவர் சுருக்கமாகப் பேசும் நேரம் ஒன்று உண்டு. தெரியாதபோது. 'சாவி எங்கங்க?' என்று கேட்டால் 'மேசை' என்பார், மேசையில் இருக்காது. 'என் தம்பி ஏன் முறைக்கறான்?' என்றால் 'சும்மா' என்பார். தெரிந்த விஷயம் என்றால் ஆதியோடந்தமாக வரும். இத்தனை வருடங்களாக அவள் அவருடைய பதிலின் நீளத்தை வைத்துத்தான் அதன் உண்மையை அளந்து வந்தாள். அந்த அளவுகோலை நாத்தனாரின் விசில் ஒடித்துப் போட்டுவிட்டது. தெரியாததால் ஒரு வார்த்தையா, பயிற்சியால் ஒரு வார்த்தையா? வண்டியில் சில சமயம் இரண்டு கோளாறுக்கும் ஒரே சத்தம் வரும். எது என்று அறிய ஒன்றைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

"ஏங்க, ஏன் செம்பு?"

"செம்பு."

"அது சரி, எப்படின்னு சொல்லுங்க."

"அதான் பதில் சொல்லிட்டேன்ல."

"கொஞ்சம் விளக்குங்க!"

"மாட்டேன்."

தொலைபேசிக்குள் எங்கோ தள்ளி, கதவுக்கு அப்பாலிருந்து, பீப் என்று ஒரு விசில் கேட்டது. அரங்கம் கொல்லென்று சிரித்தது.

"அண்ணி ஊதினா ஊதட்டும்!" வேன் அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "உங்க கால்ல விழறேன், அடிப்படையில இருந்து சொல்லுங்க!"

எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் பார்த்த தொகுப்பாளர், ஒரு மனைவி கணவனிடம் இப்படிக் கெஞ்சி அதுவரை பார்த்ததில்லை. எதிர்முனையில் ஒரு மூச்சு இழுபட்டது. பிறகு, அடைப்பு நீங்கிய குழாயில் தண்ணீர் வருவதுபோல வந்தது.

"அடிப்படையில பாத்தா, முதல்ல ரத்தம்னா என்ன? ரத்தம் ஒரு வேன். உன் வேன்னே வச்சிக்கோ. பிராணவாயுதான் பிள்ளைங்க. ஏத்திட்டுப் போய் அங்கங்க இறக்கணும். பிள்ளை உக்கார சீட் வேணும்ல? நம்ம ரத்தத்துல அந்த சீட் இரும்பு, ஆக்டோபஸுக்குச் செம்பு. ஏன் செம்பு? இங்கதான் விஷயமே! அது இருக்கறது குளிர்ந்த தண்ணில, அந்தத் தண்ணில…"

விசை தட்டப்பட்டது. பார்வையாளர்கள் உச்சுக்கொட்டினார்கள். வேன் அக்காவின் முகத்தில் மட்டும் விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

"அம்மா," என்றார் தொகுப்பாளர் மெதுவாக. "அவர் விளக்கி முடிக்கவே இல்லையே."

"அவர் முடிக்கல சார். நீங்கதான் முடிச்சீங்க. செம்புதான் என் விடை. பூட்டிடுங்க."

"தப்பா இருந்தா குளிர்சாதனப் பெட்டியும் போயிடும். சுவர்க்கடிகாரம்தான்."

"அவர் முதல்ல சொன்ன செம்பை நான் நம்பல சார். கடைசில சொன்னாரே, அந்தச் செம்பை நம்பறேன். பூட்டுங்க."

பூட்டியபின் வரும் நீண்ட மௌனத்தில் தொகுப்பாளர் வேண்டுமென்றே வதைக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பதில் பூட்டப்படும்வரை சரியான விடை அவருடைய திரையிலும் வராது. வந்தபிறகும், கண்ணாடி அறையிலிருந்து காதில் 'இப்போ' என்று சொல்லும்வரை அவர் வாயைத் திறக்கக்கூடாது. வேன் அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செம்பு…" என்றார் தொகுப்பாளர். "சரியான விடை!"

மேலிருந்து காகிதத் துணுக்குகள் கொட்டின. அவள் கையில் அவள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவியைக் கொடுத்தார்கள். நிஜச் சாவி, வண்டியைப் பதிவு செய்யும் வேலைகள் முடிந்தபிறகு அலுவலகத்தில் கிடைக்கும். அது கேமராவுக்குத் தெரியாத அளவு சின்னது என்பதால்தான் இந்த அட்டை. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"இந்த நல்ல செய்திய அவருக்கு நாமளே சொல்லிடுவோமா?" தொகுப்பாளருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. இந்த அழைப்புக்குக் கடிகாரம் கிடையாது. கண்ணாடி அறைப் பெண் எண்ணைத் தட்டினார்.

எதிர்முனை எடுத்ததும் வணக்கம் வரவில்லை. "…பிராணவாயு கம்மியா இருக்கற இடத்துல இந்தச் செம்பு சீட்தான் நல்லாப் பிடிக்கும், புரியுதா தம்பி? ஹலோ, யாரு?"

"சார்! புது வேன் உங்க வீட்டுக்கு வருது! உங்க மனைவி ஜெயிச்சிட்டாங்க!"

"அப்பாடி!" என்று ஒரு பெருமூச்சு கேட்டது. பின்னால் நாத்தனாரின் விசில் இடைவிடாமல் ஊதியது, இந்த முறை கொண்டாட்டமாக. "ரொம்ப சந்தோஷம் சார். அவகிட்ட சொல்லுங்க, கதவுச் சக்கரம் எப்படி இருக்குன்னு வாங்கறப்பவே பாக்கச் சொல்லி. அப்புறம் சார், அந்த நீலம் எப்படி வருதுன்னு நான் இன்னும் சொல்லல."

தொகுப்பாளர் வருடக்கணக்காகக் கேள்விகளை வாசித்தவர். விடைகளும் அத்துப்படி. ஆனால் 'ஏன்' என்பதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. வேன் அக்கா அட்டைச் சாவிக்கு மேலாகத் தலையை வேகமாக ஆட்டி, வேண்டாம், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"எப்படி சார் வருது?" என்று தொகுப்பாளர் கேட்டேவிட்டார்.

"நல்ல கேள்வி சார்! முதல்ல, நிறம்னா என்ன?"

கேமராக்காரர் காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தொகுப்பாளர் மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். வேன் அக்கா அட்டைச் சாவியை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். காலைத் தூக்கி மடித்துப் போட்டுக்கொண்டு, வசதியாக உட்கார்ந்தாள்.